குலசை தசராவுக்கு குடும்பத்தோட போறீங்களா? சூரசம்ஹார ராத்திரியில் இதெல்லாம் கவனம்!

தூத்துக்குடி:

திருச்செந்தூர் அருகே குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவிலில் தசரா திருவிழா 10 நாள் நடக்கும். 10-ம் நாள் நள்ளிரவு அம்மன் கடற்கரைக்கு எழுந்தருளி மகிஷாசூரனை வதம் செய்வதைப் பார்க்க லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுவார்கள். காளி, ராஜா, ராணி, குறவன், குறத்தி, போலீஸ், கரடி, குரங்கு என்று திரும்பிய பக்கமெல்லாம் வேடம் தான்.

பக்தர்கள் மாலை போட்டு விரதம் இருந்து, கொடியேற்றம் முடிந்ததும் காப்பு கட்டுவார்கள். வேடம் அணிந்து ஊர் ஊராகப் போய் காணிக்கை பிரித்து அம்மனுக்குச் செலுத்துவார்கள். அப்பா வேடம் போட்டால் அம்மா, பிள்ளைகள், பாட்டி என்று மொத்த வீடே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். அங்கே தான் கவனம் வேண்டும்.

அப்பா எந்த காளி?

மற்ற திருவிழாவில் பிள்ளை தவறினால் அப்பா முகத்தைத் தேடும். குலசையில் அப்பா முகமே தெரியாது. சடைமுடி, கிரீடம், வீரப்பல் வைத்த நூறு காளிகளுக்கு நடுவில் சின்ன பிள்ளை எந்த காளியைப் பிடிக்கும்?

அதனால் வேடம் போடும்போதே பிள்ளையை பக்கத்தில் உட்கார வைத்து காட்டுங்கள். அப்பா கையில் பளிச்சென்று தெரிகிற ஒரு கலர் துணியைக் கட்டி, "இது தான் அடையாளம்" என்று சொல்லிக் கொடுங்கள். வேடம் போட்டவரை நம்பி பிள்ளையை விடாதீர்கள். தலையில் கனம், கையில் சூலம், விரதக் களைப்பு. அவரால் பிள்ளையைக் கவனிக்க முடியாது. வேடம் போடாத ஒரு பெரியவர் பிள்ளை கையை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

பெற்றோர் போன் நம்பரை பிள்ளை கையில் பேனாவால் எழுதுங்கள். பிள்ளைக்கு வேடம் போட்டால் சட்டை உள்பக்கமும் ஒரு சீட்டைக் குத்தி வையுங்கள். கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் செல்போன் லைன் கிடைப்பது கஷ்டம். "தவறினால் இங்கே வந்து நில்" என்று ஒரு இடத்தை முதலிலேயே காட்டி வையுங்கள். போலீஸ் உதவி மையம் பக்கம் என்றால் ரொம்ப நல்லது. போலீஸ் வேடத்துக்கும் நிஜ போலீசுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

நின்றபடியே மூச்சு முட்டும்

2022 அக்டோபர் 29-ந் தேதி ராத்திரி தென்கொரியாவின் சியோல் நகரில், இட்டேவான் என்ற இடத்தில் ஹாலோவீன் கொண்டாட்டத்துக்கு வேடம் போட்டு இளைஞர்கள் கூடினார்கள். ஒரு குறுகலான சரிவுச் சந்தில் நெரிசல் ஏற்பட்டு 159 பேர் இறந்து போனார்கள். நம்ம ஊரிலும் 2025 செப்டம்பர் 27-ந் தேதி கரூர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் பலியானார்கள்.

நெரிசலில் மிதிபட்டு தான் சாவார்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நாலு பக்கமும் நெருக்கும்போது நெஞ்சு விரிய இடம் இருக்காது. நின்றபடியே மூச்சு முட்டும். தோளோடு தோள் இடித்து, கை அசைக்க முடியாத அளவுக்கு கூட்டம் சேர்ந்தால் அதற்கு மேல் முன்னே போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். கூட்டத்தை எதிர்த்து தள்ளாமல், அது போகும் போக்கிலேயே சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்பு, செல்போன் விழுந்தால் குனியாதீர்கள். பிள்ளையை தூக்கிக்கொள்ளுங்கள்.

சம்ஹாரம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். கைக்குழந்தை, வயதானவர்கள் இருந்தால் அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்துவிட்டு புறப்படுங்கள்.

தீயும் கடலும்

தீச்சட்டி எடுப்பவர் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தாதீர்கள். சடைமுடியும் நைலான் துணியும் குப்பென்று பிடிக்கும், உருகி தோலில் ஒட்டும். தீ பிடித்தால் ஓடக்கூடாது, தரையில் உருள வேண்டும். காயத்தின் மேல் 20 நிமிஷம் தண்ணீர் ஊற்றுங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவாதீர்கள்.

இரும்பு ஆயுதம் வேண்டாம், அட்டை, தகடு இல்லாத மரச்சூலமே போதும். இருட்டில் கடலில் குளிக்க இறங்காதீர்கள். விரதம் என்று தண்ணீர் கூட குடிக்காமல் ஆடினால் மயக்கம் வரும். சுகர், பி.பி. உள்ளவர்கள் மாத்திரையை விடக்கூடாது.

வழியில்...

லோடு ஆட்டோ, டிராக்டரில் ஆள் ஏற்றி வருவது உயிருக்கு ஆபத்து. வண்டி மேல் உயரமாக அலங்காரமோ, ஸ்பீக்கரோ கட்டினால் மின்கம்பியில் உரசும். ராத்திரி முழுக்க ஆடியவர் விடியற்காலையில் வண்டி ஓட்டக்கூடாது. தூங்கி எழுந்தவர் ஓட்டட்டும். கிழக்கு கடற்கரை சாலையில் நடந்து வருபவர்கள் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு: போலீஸ் 100 அல்லது 112, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவிக்கு 1098. கிளம்பும் முன்பே எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.