பழைய சர்வரும் புதிய மதர்போர்டும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய பதினைந்து ஆண்டுக் கணக்கும் ஒரு பழைய சர்வரில் இருந்தது. அதன் மதர்போர்டு கெட்டுவிட்டது. பவர் சப்ளை மட்டும் நன்றாக இருந்தது. "புது மதர்போர்டு வாங்கிவிட்டேன், சார். இந்தப் பவர் சப்ளையை அதோடு பூட்டித் தரமுடியுமா?" என்று கேட்டார்.

1990-இல் டெக்னோபார்க் தோன்றிய நகரில் இத்தகைய கேள்வி எழுவது வியப்பன்று. அலுவலகங்கள் கழித்துவிடும் சர்வர்களின் பவர் சப்ளைகள் இரவு பகலாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைக் குப்பையில் எறிய யாருக்கும் மனம் வருவதில்லை.

பவர் சப்ளையின் வேலை என்ன? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற தாழ்ந்த நேர்மின்சாரமாக மாற்றுவது. 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி மஞ்சள் கம்பியில் 12 வோல்ட்டும், சிவப்பில் 5 வோல்ட்டும், ஆரஞ்சில் 3.3 வோல்ட்டும் வரும். கறுப்பு, பூமி. ஊதாக் கம்பி ஒரு காவற்காரன். யந்திரம் உறங்கும்போதும் அதில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். மதர்போர்டு பச்சைக் கம்பியைப் பூமியோடு சேர்க்கும்போதுதான் பவர் சப்ளை முழுதும் விழித்தெழும். இது தெரியாமல், உயிருள்ள பவர் சப்ளையைச் செத்ததென்று எறிந்தவர் பலர்.

நண்பருடைய சர்வரிலோ கம்பிகளே இல்லை. நாக்கைப் போல் நீண்ட ஓர் உலோகப் பூச்சு விளிம்புதான் இருந்தது. அதில் வருவதும் 12 வோல்ட் ஒன்றே, 5, 3.3 ஆகியவற்றை அந்த சர்வரின் பழைய மதர்போர்டே தயாரித்துக்கொண்டிருந்தது. ஆகவே புதிய பலகைக்கு வேண்டிய இரண்டு மின்சாரங்கள் இந்தப் பவர் சப்ளையில் அடியோடு இல்லை. அதோடு, விளிம்பில் எந்த முனை எதற்கு என்பது ஒவ்வொரு மாதிரிக்கும் வேறுபடும். பொருந்திவிட்ட கனெக்டரையும் நம்புவதற்கில்லை. 1998-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த சில கம்ப்யூட்டர்களில் கனெக்டர் ஏ.டி.எக்ஸ். போலவே இருக்கும், ஆனால் 3.3 வோல்ட் வரவேண்டிய துளையில் 5 வோல்ட் வரும்.

முதற்காரியமாக வட்டைக் கழற்றி, வேறொரு யந்திரத்தில் கணக்கு முழுவதையும் பிரதி எடுத்தோம். மதர்போர்டு போனால் விலைக்கு வாங்கலாம். கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

பிறகு அந்த மாதிரிக்குரிய முனைப் படத்தைத் தேடி எடுத்து, மல்டிமீட்டரால் ஒவ்வொரு முனையையும் சரிபார்த்தோம். 12 வோல்ட்டை வாங்கி மற்றவற்றைத் தயாரித்துத் தரும் சிறு மாற்றுப் பலகை ஒன்றை இடையில் வைத்தோம். எழுப்பும் முனையைப் பூமியோடு இணைத்ததும் விசிறி சீறிக்கொண்டு கிளம்பியது. சுமையின்றி அளந்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.

சுமை ஏற்றியபோதுதான் வினை வெளிப்பட்டது. பவர் சப்ளையின் வாயில் 12.1 வோல்ட், மாற்றுப் பலகையின் வாயில் 11.3. ஏ.டி.எக்ஸ். முறை நூற்றுக்கு ஐந்து பங்குதான் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது, அதாவது 11.4-க்குக் கீழே இறங்கலாகாது. நடுவில் 0.8 வோல்ட் எங்கே போயிற்று? அப்பொழுது 10 ஆம்பியர் ஓடிற்று. இரண்டையும் பெருக்கினால் 8 வாட். இவ்வளவு சூடும் தீக்குச்சித் தலையளவான தொடுமுனைகளில் தேங்கினால் பிளாஸ்டிக் உருகும். அருகில் சாக்குப்பை இருந்தால் கடையே தீப்பற்றும். நம் கடற்கரை ஊரின் உப்புக்காற்று அந்த முனைகளைக் களிம்பேற்றி வைத்திருந்தது. அவற்றைத் துடைத்துத் தடித்த கம்பிகளைப் பற்றவைத்தபின் வீழ்ச்சி 0.1 வோல்ட்டாகக் குறைந்தது. மீட்டரைச் சுமையின்போதும் பிடிக்கவேண்டும் என்பதை நானும் அன்றுதான் உள்ளபடி உணர்ந்தேன்.

பவர் சப்ளையின் மூடியை மட்டும் நாங்கள் திறக்கவில்லை. உள்ளேயுள்ள கெபாசிட்டரில் 325 வோல்ட்டும் அதற்கு மேலும் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் சிறிது நேரம் அது ஆளைக் கொல்லவல்லது. பூமிக் கம்பியுள்ள மூன்று முனைப் பிளக்கையே பயன்படுத்தினோம்.

ஒன்று கவனிக்கத்தக்கது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் 12 வோல்ட் ஒன்றே போதும், மற்றதை மதர்போர்டே செய்துகொள்ளட்டும் என்று 2006-இல் கூகிள் நிறுவனத்தின் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் பில் வைலும் எழுதினார்கள். மின்சாரம் வீணாவது குறையும் என்பது அவர்கள் வாதம். 2019-இல் இன்டெல்லும் அவ்வழியே 12 வோல்ட் மட்டும் தரும் பத்து முனை முறையை வகுத்தது. அத்தகைய மதர்போர்டு கிடைத்திருந்தால் எங்கள் மாற்றுப் பலகைக்கு அவசியமே நேர்ந்திராது.

கடையில் யந்திரம் இப்போது ஓடுகிறது. விசிறியின் கூச்சலில் விலை சொல்வது காதில் விழவில்லை என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டதால், நண்பர் அதைச் சரக்கறைக்கு மாற்றிவிட்டார். அங்கே மிளகாய்த் தூசி அதிகம். மாதந்தோறும் அதைத் துடைத்து, கம்பி முனைகள் சுடுகின்றனவா என்று பார்க்கும் வேலை கடைப் பையனுக்கு.