மக்காச்சோள வரிசைகளை எண்ணிய சிறுவன்

"இன்னுமா பேச்சு வரல?", "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குறானே!" செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அனந்தபுரம் போன்ற ஊரில், மூன்று வயதுப் பிள்ளையோடு ஒரு தாய் பஸ் ஏறினால், இறங்குவதற்குள் இந்தக் கேள்விகள் வந்து விழுந்துவிடும். கூடவே தீர்ப்பும் வரும்: "எந்நேரமும் செல்போனைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

செல்போனால் ஆட்டிசம் வருவதில்லை. வளர்ப்பாலும் வருவதில்லை. அம்மாவைக் கூண்டில் ஏற்றும் வழக்கம் நம் ஊரில் மட்டும் இருந்ததும் இல்லை. 1950, 60-களில் அமெரிக்காவில், 'பாசம் இல்லாத அம்மாக்களால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள்' என்று டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு என்று தெரிந்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. மூளையின் அமைப்பே வேறு விதமாக உருவாவதுதான் ஆட்டிசம். இதில் மரபணுக்களின் பங்கு பெரிது.

2021-ல் உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், பத்தாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் சுமார் 80 பேர். குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் சேர்த்துத்தான். 'அவர் ஒரு மாதிரி, யாரோடயும் ஒட்ட மாட்டார்' என்று ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் ஒருவர்கூட அந்த எண்பதில் இருக்கலாம்.

ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏடிஹெச்டி போன்றவற்றை மனித மூளையின் இயல்பான வேறுபாடுகளாகப் பார்க்க வேண்டும் என்ற குரல் 1990-களில் எழுந்தது. முதலில் எழுப்பியவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களேதான். 'நியூரோடைவர்சிட்டி' என்ற சொல்லை 1998-ல் தன் ஆய்வேட்டில் பயன்படுத்தினார் ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர். தமிழில் 'மூளைப் பன்மை' என்று சொல்லிப் பார்க்கலாம். இடது கையால் எழுதிய பிள்ளைகளை அடித்து வலது கைக்கு மாற்றிய காலம் ஒன்று இருந்ததே, அதை நினைத்துக்கொண்டால் இவர்கள் கேட்பது புரியும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நடைமுறையில்? அதற்கு டொனால்ட் டிரிப்லெட்டின் கதைக்குப் போக வேண்டும். 1943-ல் டாக்டர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். முதலாவது குழந்தை டொனால்ட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-ல் பிறந்தவர். நான்கு வயது நிறைவதற்குள் அவரை ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். சுமார் ஒரு வருடத்தில், அங்கிருந்தவர்கள் வேண்டாமென்று சொல்லியும், பெற்றோர் வீட்டுக்குத் திரும்ப அழைத்துவந்தார்கள். வக்கீலான அப்பா, மகனைப் பற்றி 33 பக்கம் டைப் அடித்து டாக்டருக்கு அனுப்பினார்.

பிறகு சில ஆண்டுகள் டொனால்ட் ஒரு குத்தகை விவசாயியின் வீட்டில் வளர்ந்தார். கதையின் அழகான பகுதி இதுதான். பையனுக்கு எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும். 'சும்மா இரு' என்று அந்தத் தம்பதி அதட்டவில்லை. ஒரு கிணற்றைத் தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தான்; புதைக்க ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். நேரில் பார்க்க வந்த கேனர் அசந்துபோனார். அவர் கண்ணெதிரே, குதிரை பூட்டிய ஏரில் நீளமாக ஆறு வரிசை உழுது முடித்தான் சிறுவன்.

டொனால்ட் கல்லூரியில் பிரெஞ்சு படித்துப் பட்டம் வாங்கினார். குடும்ப வங்கியில் வேலை பார்த்தார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடுகளைச் சுற்றினார். 2023 ஜூனில், 89 வயதில் இறந்தார். வசதியான குடும்பம் என்பதால் பல கதவுகள் திறந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏர் பிடிக்கக் கற்றுத் தந்தவர்கள் நிலம்கூடச் சொந்தமில்லாத ஏழைகள். அவரைத் தேடி வந்த நிருபர்களிடம், 'எங்கள் ஆளை நோகடித்தால் சும்மா விட மாட்டோம்' என்கிற தொனியில் பேசும் அளவுக்கு ஊரும் அவரைத் தன்னுடையவராக ஏற்றுக்கொண்டிருந்தது.

எல்லாப் பிள்ளையும் டொனால்ட் ஆகிவிடாது. கடைசிவரை பேசாதவர்கள் உண்டு, வலிப்பு வருபவர்கள் உண்டு, குளிக்கவும் சாப்பிடவும் வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படுபவர்கள் உண்டு. 'ஆட்டிசம் இருந்தால் ஏதோ ஒன்றில் ஜீனியஸ்' என்று சினிமா சொல்லும் ஆறுதலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாரம்தான். திறமை இருந்தால்தான் மதிப்பு என்றால், அது என்ன மதிப்பு?

பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி எல்லாம் நிச்சயம் வேண்டும். 'குணப்படுத்துகிறோம்' என்ற விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைப்பதுதான் ஆபத்து. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரப்படுத்துவது மருத்துவருக்கு அழகல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. செஞ்சிப் பக்கத்தில் பல குடும்பங்கள் அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனிடம் வேண்டிக்கொள்ளப் போகும். வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. ஆனால் சத்தம் தாங்காத பிள்ளைக்கு அந்த நள்ளிரவுக் கூட்டமும் மேளமும் வதை. கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தில் போனாலும் அம்மன் அங்கேதான் இருப்பாள்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு 7 ஆக இருந்த பட்டியலை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றன. சான்றிதழில் 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 'நிராமயா' திட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் முதலில் கேட்கலாம்.

பள்ளியில் சேர்க்கும் நாளில் கையில் ஒரு தாள் இருந்தால் நல்லது. டொனால்டின் அப்பா போல 33 பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். எந்தச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துவாள், பசித்தால் எப்படிக் காட்டுவாள், தொட்டால் பிடிக்குமா பிடிக்காதா, எதைக் கையில் கொடுத்தால் அரை மணி நேரம் அமைதியாக உட்காருவாள் என்று எழுதி, வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வரலாம்.