‘ஃப்ரீ’ முன்னால் வந்தால் இலவசம்... பின்னால் வந்தால்?

மங்கலம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, விருத்தாசலம் போகிற டவுன் பஸ்ஸைப் பார்த்து “பஸ் ஃப்ரீயா இருக்கு, ஏறு” என்று ஒருவர் சொன்னால், உட்கார இடம் இருக்கிறது என்று அர்த்தம். இதையே ஆங்கிலத்தில் ‘தி பஸ் இஸ் ஃப்ரீ’ என்று எழுதிப்பாருங்கள். டிக்கெட் காசு இல்லை என்றாகிவிடும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு அதுவும் உண்மைதான், கூட்டம் பிதுங்கினாலும்!

‘ஃப்ரீ’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் ‘இலவசம்’: ஃப்ரீ டெலிவரி, ஃப்ரீ சாம்பிள். பின்னால் ஒட்டிக்கொண்டால் ‘இல்லாத’ என்று மாறிவிடும். பொங்கலுக்கு ரேஷன் கடையில் காசு வாங்காமல் கொடுப்பது ஃப்ரீ சுகர். மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்குவது சுகர் ஃப்ரீ. தமிழில் இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருப்பதால் குழப்பமே வராது. ஆங்கிலம் இடத்தை மாற்றியே வேலையை முடித்துக்கொள்கிறது.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பீங்கான் கப்போ ஊறுகாய் ஜாடியோ ஆன்லைனில் தேடினால் ‘லெட் ஃப்ரீ’ என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். ‘லீடர்’ பழக்கத்தில் சிலர் இதை ‘லீட்’ என்று படித்துவிடுவார்கள். இங்கே அது காரீயம். பீங்கான் மேல் கண்ணாடி மாதிரி மின்னுகிற பூச்சில் காரீயம் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும், பளபளப்பும் கூடும். ஆனால், சரியாகச் சுடாத பாத்திரம் என்றால், புளிக்குழம்பும் ஊறுகாயும் அந்தக் காரீயத்தைக் கரைத்து இழுத்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். ஆக, அந்த ‘ஃப்ரீ’ சும்மா ஒட்டிய விளம்பர வார்த்தை இல்லை.

சரி, ‘இல்லாத’ என்றால் துளிகூட இல்லையா? அங்கேதான் சிக்கல். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டாலே ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டுக்கொள்ளலாம். அந்த அரை கிராம்கூடப் பெரிய விஷயமில்லை. பிஸ்கட்டில் இருக்கும் மைதா? அது வயிற்றுக்குள் போய் குளுக்கோஸாகத்தான் மாறும். அதைப் பற்றி ‘சுகர் ஃப்ரீ’ ஒன்றும் சொல்வதில்லை.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், பாக்கெட்டைத் திருப்பி ‘கார்போஹைட்ரேட்’ என்ற வரியையும் ஒருதடவை படிச்சுடுங்க.