பூநாரை பார்க்க படகு எதற்கு? கரையில் நின்றாலே போதும்!

பழவேற்காட்டுக்கு ரெயில், பஸ்சில் போய் வரலாம்

சென்னை, ஜன.5-

மெரினாவில் சுண்டல் தின்று அலுத்துப் போனவர்களுக்கு ஒரு சேதி. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில், முழங்கால் தண்ணீரில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும் காலம் இது. மார்ச் வரை பார்க்கலாம்.

பழவேற்காடு ஏரி என்பது பெயரளவில்தான் ஏரி. உண்மையில் கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலந்து நிற்கும் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரியது. பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதியை 1980-ம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

தலைகீழ் சாப்பாடு

பூநாரை சாப்பிடும் அழகே தனி. கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீரில் விட்டு, சல்லடையில் சலிப்பது போல் சலித்து எடுக்கும். நுண்பாசியும் கூனி இறால் போன்ற பொடி உயிர்களும்தான் தீனி. இறகில் ரோஜா நிறம் ஏறுவதும் அந்தத் தீனியால்தான். குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் நிறம்!

தூரத்தில் நிற்கும்போது வெறும் வெள்ளைக் கொக்கு மாதிரி தெரியும். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று சலித்துக் கொள்ள வேண்டாம். கூட்டம் எழும்பிப் பறக்கும்போது பாருங்கள். இறக்கை செக்கச்செவேல் என்றும், ஓரம் கன்னங்கரேல் என்றும் விரியும்.

22 பேர் பலி

ஆனால் பறவை ஆசையில் படகு ஏறுவதுதான் ஆபத்து. 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து பலியானார்கள். பெண்களும் குழந்தைகளும்கூட தப்பவில்லை. அதன் பிறகே உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. "ஒரு ரவுண்டு போய் வரலாம் சார்" என்று யாராவது கூப்பிட்டால் காதில் வாங்காமல் நடையைக் கட்டுங்கள். படகு கிட்டே போனால் பறவையும் பறந்து விடும். காசும் போச்சு, காட்சியும் போச்சு.

எப்படிப் போவது?

சென்டிரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரெயில் ஏறி பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ்.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமா? அதே தடத்தில் ஆந்திராவின் சூலூர்பேட்டை வரை போங்கள். அங்கிருந்து ராக்கெட் தளம் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் ரோடு ஏரியின் நடுவே ஓடுகிறது. இருபுறமும் தண்ணீர். பறவை வந்திருந்தால் ரோட்டோரம் நின்றே பார்த்து விடலாம். சூலூர்பேட்டையில் 2025 ஜனவரியில் பூநாரைத் திருவிழாவே நடத்தினார்கள்.

அவ்வளவு தூரம் போக நேரம் இல்லாத ஆபீஸ்காரர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. பக்கத்திலேயே பெருங்குடி குப்பை மேடு! 2022 ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்துப் புகைந்தது. அதே ஆண்டில்தான் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் என்ற சர்வதேச அந்தஸ்தும் கிடைத்தது. மூக்கைப் பிடித்துக் கொண்டாவது பார்க்கலாம். பூநாரை அங்கேயும் வருகிறது.

எங்கே போனாலும் விடியற்காலையே நல்லது. வெயில் ஏறினால் கானல் அடித்து எல்லாம் மங்கலாகி விடும். பழவேற்காடு போகிறவர்கள் இறங்கியதுமே திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். நண்டு வாங்குகிற எண்ணம் இருந்தால் மூடி போட்ட தூக்கு ஒன்றும் கையில் இருக்கட்டும்.