பெற்றோரைச் சேர்த்துவைத்த இரட்டையர்

கோடை விடுதியில் புதிதாக வந்து இறங்கும் சிறுமியைப் பார்த்து இன்னொருத்தி திகைத்து நிற்கிறாள். இவளுக்குச் சுருட்டை முடி, அவளுக்கு இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. மற்றபடி முகம் அச்சு அசல் ஒன்றே. லூயிசே வியன்னாவில் இசை நடத்துநரான அப்பாவிடம் வளர்கிறாள். லோட்டே மியூனிக்கில் பத்திரிகை வேலைக்குப் போகும் அம்மாவிடம். மணமுறிவு அவர்களையும் பிரித்துவிட்டது. இருவரும் ஆள் மாறி ஊர் திரும்புகிறார்கள்.

‘குழந்தையும் தெய்வமும்’ நினைவுக்கு வருகிறதா? சரிதான். 1965-இல் ஏவி.எம். எடுத்த அந்தப் படத்துக்கு மூலம் டிஸ்னியின் 1961 படம். அதற்கும் மூலம் எரிக் கெஸ்ட்னர் 1949-இல் எழுதிய சிறுவர் நாவல். அதை 1950-இல் ஜெர்மனியில் முதலில் படமாக்கியவர் யோசெஃப் ஃபான் பாக்கி. திரைக்கதையும் கெஸ்ட்னருடையதுதான், கதைசொல்லியாக வருபவரும் அவரே.

1933-இல் பெர்லினில் நாஜிகள் தன் புத்தகங்களைக் கொளுத்தியதைக் கூட்டத்தில் நின்று நேரில் பார்த்தவர் அவர். எழுதத் தடை இருந்தும் நாட்டைவிட்டுப் போகவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே இந்தக் கதையைப் படத்துக்காக யோசித்தார்; மறுபடியும் தடை விழவே அது கிடப்பில் போனது.

படம் வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். போரில் கணவனை இழந்தவர்கள், திரும்பி வந்தவனோடு ஒத்துவராமல் பிரிந்தவர்கள் என்று எத்தனையோ ஜெர்மானியப் பெண்கள் தனியாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். லோட்டே அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. கடைக்குப் போவாள், சமைப்பாள், அம்மாவுக்காகக் காத்திருப்பாள். அவள் இடத்துக்கு வரும் லூயிசேவுக்கு நூடுல்ஸ் சூப் வைக்கக்கூடத் தெரியாது. அடுப்படியில் அவள் படும் பாடு சிரிப்பை வரவழைக்கும். கூடவே, இந்தச் சுமையையா அந்தப் பிஞ்சு இத்தனை நாள் சுமந்தாள் என்று மனம் பதறும். இந்த நகைச்சுவையின் பலமே அதுதான்.

அசல் இரட்டையரான யுட்டா, இசா குந்தர் சகோதரிகளே நடித்ததால் கேமரா வித்தை தேவைப்படவில்லை. டிஸ்னி ஹெய்லி மில்ஸையும், ஏவி.எம். குட்டி பத்மினியையும் இரட்டை வேடத்தில் நடிக்கவைத்தன. இரண்டுமே அருமையான நடிப்பு. ஆனாலும் நிஜமான இரண்டு பிள்ளைகள் முகத்துக்கு முகம் நிற்கும்போது வரும் நெகிழ்ச்சி தனி.

ஜெர்மன் அரசின் திரைப்பட விருது 1951-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது சிறந்த படமாக இதுவே தேர்வானது. மணமுறிவு குழந்தைகளுக்கான விஷயமா என்று கேட்பவர்களுக்கு நாவலிலேயே கெஸ்ட்னர் பதில் வைத்திருக்கிறார்: பெற்றோர் பிரிந்ததால் வாடும் பிள்ளைகளும் உண்டு, பிரியாததால் வாடும் பிள்ளைகளும் உண்டு; அனுபவிப்பவர்கள் அவர்கள் என்றால், அவர்களிடமே அதைப் பேசத்தான் வேண்டும்.