பட்டன் டயரும் பிக்கப் வண்டியும்

விளைந்த காய் வயலில் கிடந்தால் விலையாகாது. நெய்த துணி தறியில் கிடந்தால் கூலியாகாது. இவ்விரண்டையும் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் பணியை முன்பு மாட்டு வண்டி செய்தது. இன்று பல ஊர்களிலும் பிக்கப் வண்டி செய்கிறது. அவ்வண்டிக்கு டீசலுக்கு அடுத்தபடியாகப் பணத்தை விழுங்குவனவற்றுள் டயரும் ஒன்று. மழைக்காலம் நெருங்குந்தோறும், “பெரிய பட்டன் வைத்த டயர் போட்டுவிட்டால் என்ன?” என்ற கேள்வி அங்கத்தினரிடையே எழுவது இயல்பே. அதனை இங்குச் சற்று விரிவாக ஆராய்வோம்.

டயர் என்பது வெறும் ரப்பர் அன்று. அதனுள்ளே நெசவு இருக்கிறது. ஆதியில் பருத்திக் கித்தானைச் சாதாரண நெசவிலேயே நெய்து டயருக்குள் வைத்தனர். பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கியதால், சக்கரம் உருளுந்தோறும் இழையோடு இழை உராய்ந்து, சூடேறி, அறுந்தது. பின்னர், முறுக்கேறிய கனத்த கயிறுகளைப் பாவாக வைத்து, அவை இடம் பெயராதிருக்க மட்டும் மெல்லிய ஊடையை இடைவிட்டு ஓட்டினர். டயரின் ஆயுள் வெகுவாக உயர்ந்தது. இன்று பருத்தியின் இடத்தில் நைலான், பாலியெஸ்டர், எஃகு ஆகியவை வந்துவிட்டன. ஆயினும், உராய்வும் சூடுமே டயரின் பகைவர் என்ற உண்மை மாறவில்லை. பட்டன் டயரின் குணமும் குறையும் இவ்வுண்மையிலேயே அடங்கியுள்ளன.

பிக்கப் வண்டிக்குரிய டயர்களை மூவகையாகக் கொள்ளலாம். தார்ச்சாலைக்குரிய டயரில் பட்டனின் உயரம் ஏறக்குறைய 8 முதல் 9 மில்லிமீட்டர். சேற்றுக்குரிய பட்டன் டயரில் 14 முதல் 16 மில்லிமீட்டர். ‘ஆல் டெரைன்’ எனப்படும் இடைப்பட்ட வகையில் 11 முதல் 13 மில்லிமீட்டர். உயரம் மட்டுமின்றி இடைவெளியும் வேறுபடும். பட்டன் டயரில் கட்டைகள் பெரியவை. அவற்றின் நடுவே உள்ள பள்ளங்கள் அகன்றவை. கட்டைகள் சேற்றைக் கவ்வுகின்றன. சக்கரம் சுழலும்போது பள்ளத்தில் சேர்ந்த சேறு வெளியே எறியப்படுகிறது. கரிசல் மண்ணில் சாலை டயரின் குறுகிய பள்ளங்கள் நிமிஷத்தில் அடைபட்டு, டயர் மொட்டையாகிவிட்டதுபோல் வழுக்குவதைக் கண்டவர்களுக்கு இதன் பயன் விளங்கும்.

இதே டயர் தார்ச்சாலையில் ஏறியதும் கதை மாறுகிறது. உயர்ந்த கட்டைகள் பாரத்தின் கீழ் வளைந்து நெளிகின்றன, ஒவ்வொரு சுற்றிலும் சாலையைத் தேய்த்துத் தாமும் தேய்கின்றன, சூடும் ஏறுகிறது. ஆகவே, பட்டனின் உயரம் இரு மடங்காயினும் ஆயுள் இரு மடங்காகும் என்று கணக்கிடலாகாது. கட்டையின் ஒரு முனை அதிகமாகத் தேய்ந்து ரம்பப் பல்லைப்போல் ஆகும். அதன் பின் டயரின் இரைச்சலும் வளரும். மேலும், பட்டன் பாதி தேய்ந்ததுமே சேற்றைக் கவ்வும் சக்தி பெரிதும் குறைந்துவிடுகிறது. எதற்காக வாங்கினோமோ அக்குணம் முதலில் போய்விடுகிறது!

ஓட்டத்தின் சுகத்தையும் கவனிக்க வேண்டும். பிக்கப் வண்டியின் பின்புறத்து ஸ்பிரிங் பட்டைகள் பாரத்துக்காக அமைந்தவை; வண்டி காலியாகத் திரும்பும்போது குதிப்பது அதனாலேயே. கனத்த, விறைப்பான பட்டன் டயர் அக்குதிப்பை மேலும் கூட்டும். தக்காளிப் பெட்டிகளும் முட்டை அட்டைகளும் அந்த அதிர்ச்சியைப் பொறுப்பதில்லை. இவற்றினும் முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. நனைந்த தார்ச்சாலையில் நீரை வெட்டிப் பிடிப்பைத் தருவன சாலை டயரிலுள்ள நுண்ணிய கீறல்கள். பெரிய கட்டைகளில் அவை குறைவு. சாலையைத் தொடும் ரப்பரும் குறைவு. ஆகவே மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிகத் தூரம் வேண்டும்.

பெரிய டயர் கம்பீரமாகத் தோன்றும் என்று அளவை மாற்றுவோரும் உளர். 215/75 ஆர்15 அளவுள்ள டயரின் விட்டம் 703.5 மில்லிமீட்டர்; 235/75 ஆர்15 எனில் 733.5. வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் ஓடும். இழுக்கும் சக்தியும் அதற்கேற்பக் குறையும். அளவுக்குப் பின் பொறித்திருக்கும் எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும்: 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும், 108 என்றால் 1000 கிலோ.

இனி, எதை வாங்குவது? வண்டி பெரும்பாலும் தோட்டப் பாதையிலும் கல்லிலும் சேற்றிலுமே உழல்வதாயின் பட்டன் டயர் தக்கதே. தினமும் சில கிலோமீட்டர் மண் பாதையும் மிகுதி தார்ச்சாலையும் எனில் இடைப்பட்ட வகை போதும். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் மட்டுமே சேறு என்போர், அந்நாட்களுக்காக ஆண்டு முழுவதும் இரைச்சலையும் தேய்மானத்தையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அந்நாட்களில் அங்கத்தினர் ஒருவரின் டிராக்டரைக் கொண்டு தார்ச்சாலை வரை சரக்கைச் சேர்த்து, அங்கே வண்டியில் மாற்றிக்கொள்ளலாம். கூட்டுறவின் பயன் இதுவன்றோ?

எவ்வகை டயராயினும் பராமரிப்பே ஆயுள். சரியான காற்றின் அளவு வண்டியின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அதனைச் சோதிக்க வேண்டும். சேற்றைக் கடக்கக் காற்றைக் குறைத்தால், தார்ச்சாலையில் ஏறுமுன் மீண்டும் நிரப்ப வேண்டும். இல்லையேல் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கக்கூடும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் டயர்களைப் பின்னும், பின் டயர்களை முன்னும் மாற்றுதல் நலம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு; நடு தேய்ந்தால் காற்று மிகுதி; ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட் கோளாறு. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

சங்கத்தின் வண்டிக்கு ஒரு குறிப்பேடு வைத்து, மாதந்தோறும் ஓடிய தூரத்தையும் நான்கு டயர்களின் பட்டன் உயரத்தையும் எழுதி வருதல் நன்று. ஓராண்டு சென்றபின் எந்த டயர் லாபம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை, அக்குறிப்பேடே சொல்லும்.