உழைத்து ஓய்ந்தவர்களின் வருமானம்

பனமலை, செஞ்சி வட்டாரத்தில் வயலில் கூலிக்கு உழைத்து ஓய்ந்தவர்களுக்குப் பணிக்கால ஓய்வூதியம் கிடையாது. அரசின் முதியோர் உதவித்தொகைதான் கைகொடுக்கிறது. தமிழகத்தில் 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அது, 2011-ல் 1,000, 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. இதில் 80 வயதுக்குட்பட்டோருக்கு மத்திய அரசு தரும் பங்கு 200 ரூபாய்தான். மிகக் குறைவு இது. ஆலைத் தொழிலாளிக்கும் பெரிய ஆறுதல் இல்லை: வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல் 1,000 ரூபாய் என வைக்கப்பட்டது, அதற்கு அகவிலைப்படியும் இல்லை.

பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடும் வீடுகளில் பணத்தட்டுப்பாட்டோடு தனிமையும் சேர்கிறது. கைவிடப்பட்ட பெற்றோர் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, வக்கீல் வைக்காமலே கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். எழுதத் தெரியாத முதியவருக்கு அந்த மனுவை அக்கம்பக்கத்தார் எழுதித் தர வேண்டும்.